கொண்டான் கொடுத்தான் எழுப்பிய கோபுரம்

திருவண்ணாமலைக் கோயிலின் கிழக்கு ராஜகோபுரத்துக்குப் பதினொரு நிலை, 217 அடி உயரம். தொடங்கியவர் கிருஷ்ணதேவராயர், முடித்தவர் தஞ்சாவூர் செவ்வப்ப நாயக்கர் என்று ஊர்க்காரர்களும் வழிகாட்டிகளும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். விஜயநகரப் பேரரசன் கையில் எடுத்த வேலை தஞ்சை நாயக்கர் கைக்கு எப்படிப் போனது என்று அங்கே யாரும் நின்று கேட்பதில்லை. அது போன வழி கல்யாண வழி. கிருஷ்ணதேவராயருக்குப் பின் அரியணை ஏறியவர் வேறு தாய்க்குப் பிறந்த அவருடைய தம்பி அச்சுதராயர். அச்சுதராயரின் அரசி திருமலாம்பா. அவளுடைய தங்கை மூர்த்திமாம்பாவை மணந்தவர் செவ்வப்பர். நம் வழக்கில் சொன்னால் பேரரசரும் நாயக்கரும் சகலைகள். தஞ்சாவூர்ச் சீமையே செவ்வப்பருக்குச் சீதனமாக வந்தது என்பது வரலாற்று மரபு. கல்யாணப் பந்தியில் கேலிக்கு ஆகும் உறவு என்று நாம் ஒதுக்கி வைத்திருக்கும் சகலை முறைக்குத் தமிழ்நாட்டிலேயே மிக உயரமான சாட்சிகளுள் ஒன்று இந்த ஊரில் நிற்கிறது.

இது தனித்த தற்செயல் அல்ல. பதின்மூன்றாம் நூற்றாண்டிலிருந்து பதினாறாம் நூற்றாண்டு வரை இந்த ஊருக்கு நேர்ந்தவற்றைப் பங்காளிகளை வைத்துப் படித்தால் பாதிதான் விளங்கும். மாமன் மச்சான்களை வைத்துப் படிக்க வேண்டும். நம் வரலாற்று நூல்கள் அரச குலங்களைத் தந்தை, மகன், பேரன் என்று மேலிருந்து கீழாக ஒரு கொடியாக வரைந்து காட்டுகின்றன. பாடப் புத்தகத்துக்கு அது வசதி. ஆனால் அரசர்கள் வாழ்ந்த சமூகம் உறவை இரண்டாகப் பிரித்து வைத்திருந்தது. ஒரு பக்கம் பங்காளி: பங்குக்கு உரியவன், அதனாலேயே பகைக்கும் உரியவன். மறுபக்கம் கொண்டான் கொடுத்தான்: பெண் எடுத்தவன், பெண் கொடுத்தவன், நாளை எடுக்கப் போகிறவன். சொத்து முதல் பக்கத்தில் இறங்கும். துணை, படை, பரிந்துரை, சீர், அடைக்கலம் எல்லாம் பெரும்பாலும் இரண்டாம் பக்கத்திலிருந்து வரும். தம்பி உடையான் படைக்கு அஞ்சான் என்ற பழமொழி இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, ஆனால் அந்தத் தம்பிக்கே அஞ்சி அவனைச் சிறையில் வைத்த அண்ணன்மாரின் பட்டியல் எந்த அரச குலத்திலும் நீளம். பழமொழி விருப்பத்தைச் சொல்கிறது, வழக்கத்தை அல்ல.

முதல் சான்று சோழர் சரிந்த காலத்தது. இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்தில் வந்தவாசிக்குப் பக்கத்தில் இருக்கும் தெள்ளாற்றில் காடவத் தலைவன் கோப்பெருஞ்சிங்கன் மூன்றாம் இராசராச சோழனை முறியடித்தான். பிடித்துக்கொண்டு போய்ச் சேந்தமங்கலத்தில் சிறை வைத்தான். 1231ஐ ஒட்டி நடந்த இந்த அவமானத்திலிருந்து சோழனை மீட்க வந்தது சோழர் படை அல்ல. துவாரசமுத்திரத்திலிருந்து இறங்கி வந்த போசள மன்னன் இரண்டாம் நரசிம்மனின் படை. அவன் மகன் சோமேசுவரன் அதற்குப் பிறகு தமிழ்நாட்டிலேயே தங்கிவிட்டான். சமயபுரத்தை அடுத்த கண்ணனூரில் அவனுக்குத் தலைநகரும் உண்டு, போசளேசுவரம் என்ற கோயிலும் உண்டு. இந்தச் சோமேசுவரனைப் பாண்டியன் இரண்டாம் மாறவர்மன் சுந்தரனின் கல்வெட்டுகள் 'மாமடி' என்கின்றன, அதாவது மாமன். மூன்றாம் இராசேந்திர சோழனின் கல்வெட்டும் அவனை மாமன் என்றே சொல்கிறது. சோழனுக்கும் பாண்டியனுக்கும் ஆகவே ஆகாது. இருவருக்கும் நடுவே ஒரே ஆள் மாமனாக உட்கார்ந்திருக்கிறான். கருநாடகத்திலிருந்து வந்த ஓர் அரசன் தமிழ்நாட்டு அரசியலில் இடம் பிடித்ததற்கு அவன் வாள் ஒரு காரணம். அந்த இடத்துக்கு ஊர் ஒப்பும் பெயரைக் கொடுத்தது இந்த உறவுமுறை.

அது வெறும் மரியாதைச் சொல்லாக இருக்கக் கூடாதா என்று கேட்பவர் நல்ல கேள்விதான் கேட்கிறார். ஆட்டோக்காரரிலிருந்து அமைச்சர் வரை எவரையும் அண்ணா என்று அழைக்கும் ஊரில் உறவுச் சொல்லை எடுத்துச் சான்றாக வைப்பது ஆபத்து. அதைவிடக் கடினமான இன்னொரு மறுப்பும் இருக்கிறது. மாமன் என்று சொன்ன அதே இராசேந்திரனின் கல்வெட்டு, அந்த மாமனுக்கே தான் காலதண்டமாக நின்றதாகப் பெருமை பேசுகிறது. பாண்டிய நாட்டிலும் அடுத்து எழுந்த சடையவர்மன் சுந்தரபாண்டியனோடு போரிட்டுத்தான் சோமேசுவரன் இறந்தான். கட்டுப்படுத்தாத உறவுக்கு என்ன மதிப்பு? ஆனால் கவனிக்க வேண்டியது, பகையை அறிவிக்கும் இடத்திலும் சோழன் அந்த உறவைக் கழற்றி வைக்கவில்லை என்பது. மாமனுக்குக் காலன் என்று சொல்லிக்கொள்வதில்தான் அவனுக்குப் பெருமையே இருக்கிறது. வெறும் கருநாடகனுக்குக் காலன் என்பதில் அது இல்லை. மாமன் முறை என்பது அன்புக்கு முத்திரை அல்ல, உரிமைக்கு முத்திரை. சீர் வரவில்லை என்றால் சபையில் கேட்கலாம், கேட்டுச் சண்டை போடலாம், பந்தலை விட்டு எழுந்தும் போகலாம். அந்நியனிடம் அப்படிக் கோபித்துக்கொள்ள முடியாது. மரியாதைச் சொல் என்றால் பகை வந்ததும் அது உதிர்ந்திருக்க வேண்டும். கல்லில் அது உதிரவில்லை.

சோமேசுவரனின் பேரன் மூன்றாம் வீரவல்லாளனிடம் வரும்போது கதை திருவண்ணாமலை ஊருக்குள்ளேயே வந்துவிடுகிறது. 1311இல் மாலிக் காபூரின் படையும், 1327இல் முகமது பின் துக்ளக்கின் படையும் துவாரசமுத்திரத்தைச் சூறையாடிய பின், வல்லாளன் திருவண்ணாமலையைத் தன் இருப்பிடங்களுள் முக்கியமானதாக ஆக்கிக்கொண்டான். கல்வெட்டுகளில் உண்ணாமுலைப் பட்டணம், அருணசமுத்திரம் என்று இந்த ஊருக்குத் தலைநகருக்கு உரிய பெயர்கள் விழுகின்றன. கோயிலின் வல்லாள கோபுரம் அவன் பெயரைத் தாங்கி நிற்கிறது. இங்கிருந்துகொண்டுதான் அவன் மதுரைச் சுல்தான்களோடு மோதினான். கண்ணனூர் முற்றுகையில், ஏறக்குறைய வெற்றி கைக்கு வந்த நேரத்தில், எண்பது வயதில் பிடிபட்டான். 1342-43இல் நடந்த இதை நமக்கு விரிவாகச் சொல்பவர் இப்னு பதூதா. கொன்ற பின் வல்லாளனின் தோலை உரித்து, வைக்கோல் அடைத்து மதுரைக் கோட்டை மதிலில் தொங்கவிட்டிருந்தார்கள், அதைத் தாமே பார்த்ததாகவும் எழுதுகிறார்.

எல்லோரும் எடுத்துக்காட்டும் பகுதி அது. மொராக்கோவில் பிறந்த ஒரு பயணி மதுரைச் சுல்தானின் பாசறைக்குள் எப்படி நுழைந்தார் என்பதை மட்டும் பெரும்பாலோர் தாண்டிப் போய்விடுகிறார்கள். மதுரைச் சுல்தானகத்தைத் தொடங்கியவர் ஜலாலுத்தீன் அஹ்சன். அவர் மகள் ஒருத்தியை, ஹூர்நசப் என்பவளை, இப்னு பதூதா டில்லியில் இருந்தபோது மணந்திருந்தார். இன்னொரு மகளை மணந்தவர் கியாசுத்தீன். வல்லாளனைக் கொன்ற சுல்தான். ஆக இப்னு பதூதாவும் சுல்தானும் சகலைகள். மாலத்தீவிலிருந்து கிளம்பிக் கப்பல் தட்டி நம் கரையில் ஒதுங்கியவர், சுல்தான் இரண்டு நாள் பயண தூரத்தில் முகாமிட்டிருப்பதை அறிந்து ஆளனுப்பினார். வரவேற்பு உடனே வந்தது. வந்தவர் விருந்தோடு நிற்கவில்லை. தாம் முறைத்துக்கொண்டு வந்த மாலத்தீவின் மேல் படையெடுக்கும்படி சகலையைத் தூண்டினார், திட்டமும் தயாரானது. மாலத்தீவில் காஜியாக இருந்த நாளில் அவர் செல்வாக்குத் தேடியதும் அங்கிருந்த பெரிய வீடுகளில் அடுத்தடுத்துப் பெண் எடுத்துத்தான். கொள்ளை நோய் வந்து, சுல்தானும் இறந்துபோனதால் அந்தப் படையெடுப்பு நடக்காமல் போயிற்று. கியாசுத்தீன் அரியணைக்கு வந்ததற்கும் முதல் சுல்தானுக்கு மருமகன் என்ற உறவு துணையாக நின்றது. திருவண்ணாமலை அரசனின் முடிவைப் பற்றி நமக்குக் கிடைத்திருக்கும் மிகத் தெளிவான சாட்சியம், அவனைக் கொன்றவனின் சகலை சொன்னது. இந்த விவரத்தை அடிக்குறிப்பில் வைப்பது சரியல்ல. சாட்சி யார் என்று தெரியாமல் சாட்சியத்தை எடைபோட முடியாது. முற்றுகையின் நுணுக்கங்கள் அவருக்குத் தெரிந்ததற்கும், சுல்தானின் கொடுமைகளை அருகிலிருந்து கண்டு அருவருத்து எழுத முடிந்ததற்கும் அந்த உறவு திறந்துவிட்ட வாசல்தான் காரணம்.

இப்னு பதூதா சொல்லச் சொல்ல எழுதியவர் கிரனடாவைச் சேர்ந்த இப்னு ஜுஸய். இன்றைய ஸ்பெயின் நாட்டு ஊர்க்காரர். ஸ்பெயினில் பின்னாளில் நிலைத்த மொழி இந்த உறவுகளை நம்மைப் போலவே தனித்தனிச் சொல்லால் குறிப்பது ஒரு சுவையான ஒற்றுமை. சம்பந்திக்குக் கொன்சுவேக்ரோ, சகலைக்குக் கொன்குஞ்யாதோ. கல்யாணத்தால் வந்த உறவினர் எல்லோரையும் சேர்த்துச் சொல்ல ஃபமீலியா பொலீத்திகா என்பார்கள். அப்படியே எடுத்தால் அரசியல் குடும்பம். அந்த மொழிக்காரர்களுக்கு அது பழகிப்போன சொல். போசள, விஜயநகர, நாயக்க அரண்மனைகளைப் படிக்கிறவருக்கு அது ஓர் ஆய்வுத் தலைப்பாகவே தோன்றும்.

ஆனால் அரச குடும்பங்கள் கல்யாணத்தால் கூட்டணி கட்டுவது உலகம் முழுவதும் நடந்ததுதானே, ஐரோப்பாவில் ஹாப்ஸ்பர்க் வம்சத்தார் பாதிக் கண்டத்தைப் பெண் எடுத்தே பிடித்தார்களே, இதில் நமக்கென்று என்ன இருக்கிறது என்று கேட்டால், பதில் நம் உறவுமுறைகளின் அமைப்பில் இருக்கிறது. பல இடங்களில் கல்யாண உறவு ஒரு தலைமுறைக் கூட்டணி. மணமக்கள் இறந்தால் அதுவும் தளரும், அடுத்த தலைமுறையில் அது இரத்த உறவாக மாறிக் கலந்துவிடும். இங்கே அது பரம்பரையாக இறங்குகிறது. அம்மாவின் சகோதரன் மாமன், அத்தையின் கணவன் மாமன், மனைவியின் தகப்பனும் மாமன். ஓர் ஆணுக்குச் சகோதரியின் மகன் மருமகன், மகளின் கணவனும் மருமகன். பிரெஞ்சு மானிடவியலாளர் லூயி துய்மோன் 1953இல் இதைப் பற்றி எழுதியபோது வைத்த வாதம் எளிமையானது: தாய்மாமனை நாம் அம்மா வழி இரத்த உறவு என்று நினைக்கிறோம், தமிழ் முறையில் அவன் முதலில் அப்பாவின் மைத்துனன். அப்பாவுக்கு மச்சான் என்பதால் எனக்கு மாமன். அவன் மகன் எனக்கு மச்சான். சொத்து இறங்குவதுபோல் சம்பந்தமும் தகப்பனிடமிருந்து மகனுக்கு இறங்குகிறது. கார்த்திகைக்கும் பொங்கலுக்கும் பிறந்த வீட்டிலிருந்து வரும் சீரும், காது குத்த மாமன் மடியும் இதே கணக்கின் தவணைகள். கல்யாணத்தன்று முடிகிற கணக்கு அல்ல இது.

உலகம் இந்த அமைப்பைக் கண்டுகொண்டதும் ஏறக்குறைய இந்த வட்டாரத்தின் வழியாகத்தான். 1853இல் தொடங்கிய அமெரிக்க ஆர்க்காடு மிஷன் வேலூர், ஆரணிப் பகுதிகளில் வேலை செய்தது. ஸ்கடர் குடும்பத்துச் சகோதரர்கள் அதன் தூண்கள். இரோக்குவா பழங்குடியினரின் உறவுமுறையை ஆராய்ந்துகொண்டிருந்த நியூயார்க் வழக்கறிஞர் லூயிஸ் ஹென்றி மார்கன், 1859இல் ஸ்கடர் வழியாகத் தமிழ் உறவுச் சொற்களைக் கேட்டு வியந்துபோனார். பெரியப்பாவும் அப்பா, சித்தியும் அம்மா, மாமன் மட்டும் வேறு என்ற வரிசை இரண்டு இடத்திலும் பொருந்தியது. அமெரிக்கப் பழங்குடியினர் ஆசியாவிலிருந்து போனதற்கு இதுவே சான்று என்று அவசரப்பட்டு ஒரு முடிவுக்கும் வந்தார். முடிவு நிற்கவில்லை, 1871இல் வெளிவந்த அவருடைய பெரும் நூலின் அட்டவணைகள் நின்றன. அவர் ஆய்வைத் தொட்டுக்கொண்டு ஏங்கெல்ஸ் 1884இல் எழுதிய நூலிலும் திராவிடர் உறவுமுறை இடம்பெற்றது. வடஆர்க்காட்டு வீடுகளில் புழங்கிய மாமனும் அத்தையும் ஜெர்மானிய மொழிக்குப் போன பாதை இது. மார்கன் தவறவிட்டது, நமக்கு இங்கே வேண்டிய செய்தி: இரோக்குவா முறையில் மாமன் மகளுக்கும் மனைவிக்கும் முடிச்சு இல்லை, தமிழ் முறையில் உண்டு. நம் சொற்கள் யார் யாருக்குப் பிறந்தார் என்பதைவிட, யார் யாரைக் கட்டலாம் என்பதைத்தான் முதலில் சொல்கின்றன.

விஜயநகரத்துக்குத் திரும்பினால் இந்த அமைப்பின் கொடிய முகமும் தெரியும். அச்சுதராயர் ஆட்சியில் அரண்மனையைக் கையில் வைத்திருந்தவர்கள் அவருடைய மைத்துனர்களான சலகராஜு சகோதரர்கள். 1542இல் அச்சுதர் இறந்ததும் அவர்களுள் ஒருவனான சின்ன திருமலன் தன் சகோதரி மகனான இளம் வேங்கடனைக் கொன்று தானே அரசனானான். தாய்மாமன் மருமகனைக் கொன்றது கம்சன் கதையாகத்தான் நமக்குத் தெரியும். இது ஹம்பியில் நடந்தது. அவனை வீழ்த்தியவர் ராமராயர், கிருஷ்ணதேவராயரின் மருமகன். 'அளிய' ராமராயர் என்று மருமகன் முறையையே பட்டப் பெயராகச் சுமந்தவர். கன்னடத்தில் அளிய என்பதும் நம் மருமகன் போலவே சகோதரி மகனுக்கும் மகளின் கணவனுக்கும் பொது. கொலையும் மைத்துனன் கையால், பழிவாங்கலும் மருமகன் கையால். கல்யாண உறவு நன்மை செய்தது என்று வாதிட எனக்கு விருப்பமில்லை. அதிகாரம் எந்த வாய்க்காலில் ஓடியது என்பதுதான் கேள்வி. இத்தனை இரத்தத்துக்கு நடுவே செவ்வப்பர் தஞ்சாவூரில் நிலைத்து நின்றார், அண்ணாமலையில் கோபுரம் முடிந்தது. 1516ஆம் ஆண்டுக் கல்வெட்டில் ஆயிரங்கால் மண்டபத்தோடும் குளத்தோடும் சேர்த்துச் சொல்லப்படும் அந்தப் பதினொரு நிலைக் கோபுரத்தைச் சலகராஜுவோ ராமராயரோ முடிக்கவில்லை. ஒரு மைத்துனனும் ஒரு மருமகனும் தலைநகருக்காக அடித்துக்கொண்டபோது, எட்டி நின்ற சகலைக்கு வேலை செய்ய நேரம் இருந்தது என்று கொஞ்சம் குறும்பாகச் சொல்லலாம்.

சகலை என்ற உறவு இரண்டு ஆண்களுக்கு நடுவே உள்ளது. ஆனால் அதை உண்டாக்குபவர்கள் இரண்டு சகோதரிகள். ஹூர்நசப்பும் அவள் சகோதரியும் இல்லை என்றால் இப்னு பதூதாவுக்குப் பாசறை இல்லை. திருமலாம்பாவும் மூர்த்திமாம்பாவும் இல்லை என்றால் தஞ்சாவூர் நாயக்கர் அரசு இந்த வடிவில் இல்லை. சோமேசுவரனை இரண்டு அரசர்களுக்கு மாமனாக்கியது எந்தெந்தப் பெண்ணின் திருமணமோ, அந்தக் கல்வெட்டுகள் மாமனைத்தான் சொல்கின்றன. வம்சக் கொடி வரையும் பழக்கம் பெண்களை மறைத்தது என்பது பழைய குற்றச்சாட்டு. சம்பந்தங்களைக் கொண்டு வரைந்தால் அவர்கள் தானாகவே நடுவில் வந்து நிற்பார்கள். யாரும் பரிவு காட்டிச் சேர்க்க வேண்டியதில்லை. ஓர்ப்படி, நாத்தனார், கொழுந்தன் என்று பெண்ணை நடுவில் வைத்து எண்ணும் சொற்கள் நம்மிடம் இத்தனை இருந்தும் வரலாறு எழுதும்போது அவற்றில் ஒன்றையும் எடுப்பதில்லை.

மிஞ்சி நிற்பது ஊரே சொல்லும் மறுப்பு. திருவண்ணாமலை நினைவில் வைத்திருப்பது மாமனையோ சகலையையோ அல்ல, மகனை. வல்லாள மகாராஜாவுக்குப் பிள்ளை இல்லை. அண்ணாமலையாரே அவனுடைய இளைய அரசி சல்லமாதேவியின் கையில் குழந்தையானார். அதனால் தைப்பூசத்தன்று ஈசான்ய தீர்த்தத்தில் தீர்த்தவாரி முடிந்து திரும்பும் வழியில் தந்தை போரில் இறந்த செய்தி கேட்டு மேளதாளம் இல்லாமல் கோயிலுக்குத் திரும்புகிறார். மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டுக்குப் போய்க் கௌதம நதிக்கரையில் திதி கொடுக்கிறார். எல்லப்ப நாவலரின் அருணாசல புராணத்திலும் வல்லாளனுக்கு ஒரு சருக்கம் உண்டு. பிள்ளை வழி உறவுக்கே இந்த ஊர் முதலிடம் தருகிறது என்று இதிலிருந்து சொல்லிவிடலாமா? வரலாற்று வல்லாளனுக்கு விருபாட்சன் என்று மகன் இருந்தான், முடியும் சூடினான். ஆனால் 1346க்குள் அந்த மகனும் அந்த அரசும் காணாமல் போயின. அதே 1346இல் சிருங்கேரியில், விஜயநகர அரசை நிறுவிய சங்கம சகோதரர்கள் வெற்றி விழாக் கொண்டாடியபோது வெட்டிய கல்வெட்டில் அவர்களோடு சேர்ந்து நிற்பவர் பல்லப்ப தண்டநாயகர். அவர் பெயருக்கு முன்னால் வரும் அடையும் 'அளிய' என்பதுதான். ஆட்சி புதிய கைக்குப் போன நேரத்திலும் ஓர் ஆளுக்கு அங்கே இடம் கொடுத்தது மருமகன் முறை. பங்கு அப்படிப் போய்விட்டது. திதியை மட்டும் மருமகனிடம் கொடுக்க முடியாது, மகன் வேண்டும். வாழ்ந்த மகன் மறைந்துபோன இடத்தில் ஊர் தெய்வத்தை மகனாக நிறுத்தியது. தகப்பனுக்குத் திதி கொடுக்கும் மகனாக ஆண்டுதோறும் அண்ணாமலையார் பள்ளிகொண்டாப்பட்டுக்குப் புறப்படுகிறார்.